சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகம்: எது கூட்டுகிறது, எது குறைக்கிறது?



மருத்துவ உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வரும் மனுக்களில் டயாலிசிஸ் செலவுக்கான மனுக்கள் ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே வருகின்றன. மனுவோடு ஆஸ்பத்திரிச் சீட்டுகளையும் இணைத்திருப்பார்கள். புரட்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே வரிசைதான். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை, நடுவில் ரத்தக் கொதிப்பு, மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரை. பிறகு ஒரு நாள் கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன அன்று கிரியாட்டினின் எட்டு. அதற்கு முந்தைய ஆண்டுகளின் சீட்டு கேட்டால் இருக்காது, ஏனென்றால் பார்த்ததே இல்லை.

பைத்துல்மாலிலிருந்து நம்மால் ஆனதைக் கொடுக்கிறோம். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸுக்கு வழி இருக்கிறது. ஆனாலும் வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம், போக வர ஆட்டோ, கூடப் போகும் மகனுடைய அன்றைய சம்பளம் என்று ஒரு குடும்பமே அந்த மெஷினோடு கட்டப்பட்டுவிடுகிறது. அதனால் இந்த இதழில் சற்று விரிவாகவே ஒரு பாடம். சிறுநீரகம் ரத்தத்தை எப்படி வடிக்கிறது, அந்த வேலையைக் கெடுப்பவை எவை என்று தெரிந்தால், எட்டில் போய் நிற்க வேண்டியவரை ஒன்றரையிலேயே நிறுத்தி வைக்கலாம்.

பன்னிரண்டு குடம்

இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை இறைக்கிறது. அதில் ஒரு லிட்டருக்கு மேல், அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கும் கூடுதலாக, இரண்டு சிறுநீரகங்களுக்குப் போகிறது. இரண்டையும் சேர்த்து எடை போட்டாலும் கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான். இத்தனை சிறிய உறுப்புக்கு இத்தனை ரத்தம் அதன் சொந்தப் பசிக்காகப் போகவில்லை, சுத்தம் செய்வதற்காகப் போகிறது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள் உண்டு. ஒவ்வொரு நெஃப்ரானின் தலையிலும் மயிரினும் மெல்லிய ரத்தக்குழாய்கள் நூல்கண்டுபோல் சுருண்டு கிடக்கின்றன. அந்தக் கண்டுதான் சல்லடை. ரத்த அணுக்களும் புரதமும் உள்ளேயே நின்றுவிட, நீரும் உப்பும் சர்க்கரையும் யூரியாவும் கிரியாட்டினினும் சல்லடை வழியாக வெளியே வருகின்றன. ஆரோக்கியமான வாலிபருக்கு இப்படி வடிவது நிமிடத்துக்கு 100 முதல் 120 மில்லி வரை. ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் சுமார் 180 லிட்டர். நம் வீடுகளில் லாரித் தண்ணீர் பிடிக்கும் 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தால் அளந்தால் 12 குடம்! அவ்வளவும் வெளியே போனால் மனிதன் ஒரு மணி நேரம் தாங்க மாட்டான். நூற்றில் 99 பங்கு திரும்ப உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. மிச்சம் ஒன்றரை லிட்டர்தான் சிறுநீர். சுப்ஹானல்லாஹ்.

லேப் சீட்டில் 'இ.ஜி.எஃப்.ஆர்.' என்று ஒரு வரி இருக்கும். நிமிடத்துக்கு எத்தனை மில்லி வடிகிறது என்ற மதிப்பீடு அது. நம் மக்கள் கிரியாட்டினினை மட்டும் பார்த்துவிட்டுச் சீட்டை மடித்து வைத்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டிய எண் இதுதான்.

ஹோஸ் பைப் உதாரணம்

துளைகள் போட்ட ஒரு ஹோஸ் பைப்பைக் குழாயில் மாட்டித் தண்ணீர் திறந்துவிடுவதாக வைத்துக்கொள்வோம். துளைகள் வழியாகத் தண்ணீர் பீச்சும். பைப்பின் கடைசி முனையைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் துளைகளில் பீச்சல் கூடும். குழாய்ப் பக்கத்தை அழுத்தினால் குறைந்துவிடும். சிறுநீரகச் சல்லடையும் இப்படித்தான் இயங்குகிறது. ரத்தம் உள்ளே வர ஒரு சிறு குழாய், வெளியேற இன்னொரு சிறு குழாய். இரண்டும் சுருங்கி விரியக்கூடியவை. உள்வாசல் விரிந்தால் வடிதல் கூடும், சுருங்கினால் குறையும். வெளிவாசல் ஓரளவு சுருங்கினால் உள்ளே அழுத்தம் ஏறி வடிதல் கூடும்.

இந்த இரண்டு வாசல்களையும் அசைத்துத்தான் சிறுநீரகம் தன் வேலையைச் சீராக வைத்துக்கொள்கிறது. சராசரி ரத்த அழுத்தம் சுமார் 80-லிருந்து 180 வரை எங்கே இருந்தாலும் வடியும் அளவு ஏறத்தாழ மாறாமல் இருக்கும்படி அது தானே சமாளிக்கும். அதற்குக் கீழே அழுத்தம் விழுந்தால் சமாளிக்க முடியாது. வயிற்றுப்போக்கு, பிரசவ ரத்தப்போக்கு, விபத்து ஆகியவற்றில் சிறுநீர் நின்றுபோவது இதனால்தான்.

வாசல்களைத் தவிர இன்னும் மூன்று விஷயங்கள் உண்டு. ரத்தத்திலுள்ள புரதம் நீரைத் தன்பக்கம் இழுத்துப் பிடிக்கிறது. உடலில் நீர் வற்றி ரத்தம் கெட்டிப்பட்டால் இந்த இழுப்பு கூடி, வடிதல் குறையும். இரண்டாவது, கீழேயிருந்து வரும் எதிர் அழுத்தம். சிறுநீர்ப் பாதையில் கல் அடைத்தாலோ, வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் வீங்கி வழியை நெருக்கினாலோ, தேங்கிய சிறுநீர் மேல்நோக்கி முட்டும். சாக்கடை அடைத்தால் மேலே குளியலறையில் தண்ணீர் நிற்பதைப் போல. 'வயசானா அப்படித்தான், ராத்திரி நாலு தடவை எந்திரிக்கணும்' என்று அத்தாமார்கள் வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருப்பதில் இந்த ஆபத்தும் இருக்கிறது. மூன்றாவது, சல்லடைகளின் எண்ணிக்கை. நாற்பது வயதுக்குப் பிறகு பலருக்கும் ஆண்டுக்குச் சுமார் ஒரு மில்லி வீதம் வடியும் வேகம் இயல்பாகவே இறங்குகிறது. அது நோயல்ல. அதன்மேல் நாம் ஏற்றும் சுமைதான் நோய்.

சர்க்கரை முதலில் ஏமாற்றும்

சர்க்கரை நோயின் தொடக்க ஆண்டுகளில் வடிதல் குறைவதில்லை, கூடுகிறது. உள்வாசல் விரிந்து, சல்லடைக்குள் அழுத்தம் ஏறி, சிலருக்கு 130-க்கும் மேலே போகும். அப்போது கிரியாட்டினின் பார்த்தால் அருமையாக இருக்கும். 'கிட்னி கம்மென்று இருக்கிறது' என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். உண்மையில் அந்த அதிக அழுத்தமே சல்லடையைக் கிழித்துக்கொண்டிருக்கும் காலம் அது. கிழிந்த சல்லடை வழியாக அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியத் தொடங்கும். ஆண்டுகள் கழித்துத்தான் கிரியாட்டினின் ஏறும்.

ஆகவே சர்க்கரைக்காரர்களுக்கு ரத்தப் பரிசோதனை மட்டும் போதாது. ஆண்டுக்கு ஒரு முறையாவது சிறுநீரில் அல்புமின் பார்க்க வேண்டும். கிரியாட்டினினோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அந்தச் சோதனையில் 30-க்கு மேல் வந்து, மூன்று மாதம் கழித்தும் அப்படியே இருந்தால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். வடியும் வேகம் 90 இருந்தாலும் சரிதான். அக்காலத்து யூனானி ஹகீம்கள் நோயாளியின் சிறுநீரைக் கண்ணாடிக் குடுவையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். 'காரூரா' பார்ப்பது என்று அதற்குப் பெயர். நம் சித்த வைத்தியர்களுக்கு நீர்க்குறி, நெய்க்குறி. ரத்தத்தைவிடச் சிறுநீர் முந்திச் சொல்லும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கழிவறையில் சிறுநீர் நுரைத்து, அந்த நுரை அடங்காமல் நிற்பதைப் பார்த்தால் அலட்சியம் வேண்டாம்.

ரத்தக் கொதிப்பு இதே சல்லடையை வேறு வழியில் கெடுக்கிறது. அது பற்றி முன்பே பலமுறை எழுதியிருப்பதால் இங்கே நீட்டவில்லை.

மாத்திரை இரண்டு வாசலிலும் கை வைக்கும்

நம் பகுதியில் நாம் அதிகம் அஞ்சுவது வலி மாத்திரையைத்தான். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போன்றவை உள்வாசலைத் திறந்து வைத்திருக்கும் சுரப்பைத் தடுத்துவிடுகின்றன. நல்ல உடம்புக்காரர் பல்வலிக்கு இரண்டு நாள் போடுவதால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் நீர் வற்றியவர், வயதானவர், இதயம் பலவீனமானவர், ஏற்கனவே சிறுநீரகம் குறைந்தவர் ஆகியோரின் உள்வாசல் அந்தச் சுரப்பை நம்பித்தான் திறந்திருக்கிறது. அவர்களுக்கு அது அடைபட்டால் வடிதல் சட்டென்று விழும். மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் சகோதரர்களும், நாள் முழுக்கத் தையல் மெஷினில் குனிந்திருக்கும் சகோதரிகளும் டீ குடிப்பதுபோல் தினம் ஒன்று போடுகிறார்கள். சீட்டு இல்லாமல் கொடுக்கும் கடைக்காரரும் நம் பக்கத்து ஆள்தான்.

டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்ற ரத்தக் கொதிப்பு மாத்திரைகள் வெளிவாசலை விரித்துவிடுபவை. சல்லடைக்குள் இருக்கும் அதிக அழுத்தம் தணிகிறது, புரதக் கசிவு குறைகிறது, பல ஆண்டுகளுக்குச் சிறுநீரகம் காப்பாற்றப்படுகிறது. தொடங்கியவுடன் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறலாம். அதைப் பார்த்துப் பயந்து, 'இந்த மாத்திரைதான் கிட்னியைக் கெடுத்தது' என்று தாங்களாகவே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. நிறுத்த வேண்டாம். எவ்வளவு ஏற்றம் சாதாரணம், எவ்வளவுக்கு மேல் கவலை என்பதை டாக்டர் மறு பரிசோதனையில் பார்த்துச் சொல்வார்.

ஆனால் இந்த மாத்திரையும், நீர் பிரியும் மாத்திரையும், வலி மாத்திரையும் ஒரே நேரத்தில் சேரக் கூடாது. ஒன்று வெளிவாசலைத் திறந்துவிட, ஒன்று நீரை வற்ற வைக்க, ஒன்று உள்வாசலை மூட, சல்லடைக்குள் அழுத்தமே இல்லாமல் போகும். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த நாளில் வழக்கமான மாத்திரைகளில் எதைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் இப்போதே கேட்டு, மாத்திரை டப்பாவிலேயே எழுதி ஒட்டி வையுங்கள்.

இனி இன்னொன்று. முகம் வெளுக்கப் பூசும் கிரீம். மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு மருத்துவமனையில் சல்லடை தடித்துப் புரதம் கசியும் ஒருவகை நோயோடு வந்த 22 பேரைச் சோதித்ததில் 15 பேருக்கு ஒரே மாதிரியான அரிய வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் தோல் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள். அத்தகைய கிரீம்களில் இருந்தது பாதரசம். தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கிச் சல்லடையைக் கெடுத்திருக்கிறது. வளைகுடாவிலிருந்து பெட்டியில் வரும் கிரீம்களும், யார் தயாரித்தார்கள் என்று உறையில் இல்லாத கிரீம்களும் நம் கல்யாண வீடுகளில் சாதாரணம். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடந்து போக வேண்டாம். பாதரசம் கலந்த சில நாட்டு மருந்துகளாலும் இதே வகை நோய் வருவதை நம் தமிழக மருத்துவர்கள் 2022-ல் எழுதியிருக்கிறார்கள். பாரம்பரிய வைத்தியம் முழுவதையும் குறை சொல்லவில்லை. படித்த, பதிவு பெற்ற வைத்தியரிடம் போங்கள் என்பதே நம் வேண்டுகோள். பஸ் ஸ்டாண்டு பக்கம் பொட்டலமாக விற்கும் பஸ்பம் வேண்டாம்.

வெயில்

சர்க்கரையும் இல்லை, ரத்தக் கொதிப்பும் இல்லை, ஆனாலும் சிறுநீரகம் சுருங்கிப்போனவர்கள் உண்டு. இலங்கையின் அனுராதபுரம் பக்கத்து நெல் விவசாயிகளிடமும், ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டம் உத்தானம் பகுதியிலும், மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும் இது பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளர்களிடம் 2023-ல் எடுக்கப்பட்ட ஆய்வில், நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் நாள்பட்ட சிறுநீரகப் பாதிப்பு இருந்தது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வழக்கமான காரணம் எதுவும் தென்படவில்லை. உப்பளத் தொழிலாளர்களைச் சோதித்த சென்னை ஆய்வாளர்களும் வெப்பத்துக்கும் வடிதல் குறைவுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். பூச்சிமருந்து, தண்ணீர் என்று வேறு காரணங்களும் ஆராயப்படுகின்றன. ஆனால் கடும் வெயிலில் உடல் உழைத்து, நாள் தவறாமல் நீர் வற்றுவது எல்லா இடத்துக்கும் பொதுவாக இருக்கிறது.

மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கத்து வயல்களும் செங்கல் சூளைகளும் மட்டும் இல்லை, ஊருக்குள் பரோட்டாக் கல்லின் முன் எட்டு மணி நேரம் நிற்கும் மாஸ்டரும் இந்தக் கணக்கில் சேர்ந்தவரே. வெயில் வேலையில் இருப்பவர் தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் அவ்வப்போது தண்ணீர் குடிக்க வேண்டும், நிழலில் இடைவேளை எடுக்க வேண்டும். கலர் பாட்டில் தண்ணீருக்கு ஈடாகாது. மோர், கஞ்சி நல்லது. ஏற்கனவே சிறுநீரகமோ இதயமோ பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் எவ்வளவு நீர் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், அவர்களுக்கு அதிகமும் ஆபத்து.

ஜவுளிக் கடைகளில் வேலை செய்யும் நம் சகோதரிகளிடம் கேட்டால், காலையில் வீட்டில் குடித்த தண்ணீரோடு மாலை வரை ஓட்டுவதாகச் சொல்கிறார்கள். கழிவறை இல்லை, இருந்தாலும் போக விடுவதில்லை. நம் சமுதாயத்தில் கடை முதலாளிகளும் இருக்கிறார்கள், அவர்களும் இந்த இதழைப் படிக்கிறார்கள்.

ஒரே எண், இரண்டு பொருள்

கிரியாட்டினின் 1.2 என்று வந்திருக்கிறது. முப்பது வயது வாலிபருக்கு இது வந்தால், இப்போது லேப்களில் பயன்படும் 2021-ஆம் ஆண்டுச் சூத்திரப்படி வடியும் வேகம் சுமார் 83. அறுபது வயது அம்மாவுக்கு அதே 1.2 வந்தால் சுமார் 52 மட்டுமே. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை குறைந்த உடம்பில் அது குறைவாகவே உற்பத்தியாகும். அதனால் பாதி போன பிறகும் எண் பார்வைக்கு நல்லதாகவே நிற்கும். 60-க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்பது கணக்கு. கர்ப்பிணிகளுக்கு நேர்மாறு. அந்த மாதங்களில் வடிதல் ஏறத்தாழ ஒன்றரை மடங்காக உயர்ந்து கிரியாட்டினின் இறங்கிவிடும். வெளியே சாதாரணமான 1.0 கர்ப்பத்தில் சாதாரணம் அல்ல.

இறைச்சி சாப்பிட்ட பிறகு சில மணி நேரம் வடிதல் கூடும், வெந்த இறைச்சியிலிருந்தே கிரியாட்டினினும் ரத்தத்தில் சேரும். ஆகவே பக்ரீத் மறுநாள் காலை லேபுக்குப் போய் நின்று, வந்த எண்ணைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். இரண்டு மூன்று நாள் கழித்துப் போங்கள்.

நோன்பு

ஆரோக்கியமான சிறுநீரகத்தை ரமலான் நோன்பு கெடுப்பதில்லை. பகலில் நீர் குறையும்போது சிறுநீரைக் கெட்டியாக்கி நீரைச் சேமிக்கும் திறமை அதற்கு உண்டு. பாதிக்கப்பட்ட சிறுநீரகத்துக்கு அந்தத் திறமைதான் முதலில் போகிறது. வடியும் வேகம் 30-க்குக் கீழே இருப்பவர்களையும், டயாலிசிஸில் இருப்பவர்களையும் அதிக ஆபத்துள்ளவர்களாகவே மருத்துவர்கள் வைக்கிறார்கள். 30-க்கும் 60-க்கும் இடையே இருப்பவர் ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே டாக்டரைப் பார்த்து, மாத்திரை நேரங்களை மாற்றி, இடையில் ஒரு முறை ரத்தம் சோதித்துக்கொண்டு முடிவு செய்ய வேண்டும்.

சூரா அல்பகராவின் 184, 185-ஆம் வசனங்கள் நோயாளிக்குத் தந்திருக்கும் சலுகையை நாம் அனைவரும் அறிவோம். நோய் தீரக்கூடியதானால் பிறகு களா செய்யலாம். தீராத நோயானால் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா இருக்கிறது. நோன்பு தீங்கு தருமா என்பதில் திறமையும் நம்பகமும் உள்ள மருத்துவரின் சொல்லை ஃபுகஹாக்கள் ஆதாரமாக ஏற்றிருக்கிறார்கள். சட்ட விளக்கத்துக்கு உங்கள் மஹல்லா ஹஜ்ரத்தைக் கேளுங்கள், போகும்போது லேப் சீட்டையும் கையில் எடுத்துப் போங்கள். 'ஊரெல்லாம் நோன்பு வைக்க நான் மட்டும் எப்படி' என்று பெரியவர்கள் மறைத்து வைப்பதும், மருமகள் பார்த்தும் சொல்லத் தயங்குவதும் நம் வீடுகளில் நடக்கிறது. மகன்தான் உட்கார்ந்து பேச வேண்டும்.

நோன்பு வைப்பவர் இஃப்தாரிலிருந்து சஹர் வரை தண்ணீரைப் பிரித்துப் பிரித்துக் குடிப்பது நல்லது. சஹரில் அப்பளம், ஊறுகாய், கருவாடு வேண்டாம். சிறுநீரகம் மிகவும் குறைந்தவர்களுக்குப் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கும். பேரீச்சம்பழம், வாழைப்பழம், இளநீர் எவ்வளவு கூடும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

எங்கே பார்ப்பது

சென்னையில் டாக்டர் எம். கே. மணி என்ற சிறுநீரக மருத்துவர் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம் கிராமங்களில் ஒரு காரியம் செய்தார். பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாகச் சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் பார்க்க வைத்தார், ரத்த அழுத்தம் பார்க்க வைத்தார். கண்டுபிடித்தவர்களுக்கு விலை குறைந்த பழைய மாத்திரைகளே கொடுக்கப்பட்டன. மிகச் சொற்பச் செலவு. அந்தக் கிராமங்களில் சிறுநீரகம் செயலிழப்பது குறைந்ததை அவர் மருத்துவ இதழ்களில் எழுதிக் காட்டினார். நம்மைப் போன்ற சிறிய டிரஸ்டுகளுக்கு எட்டாத காரியம் இல்லை இது.

இப்போது அரசே இதில் இறங்கியிருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீரில் புரதம் பார்க்கும் பட்டைச் சோதனை நடக்கிறது. அதில் சந்தேகம் வந்தால் மேல் சிகிச்சைக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் சிறுநீரகப் பிரிவு இருக்கிறது. காசு இல்லை என்பதால் சோதனை தள்ளிப்போக வேண்டியதில்லை.

சர்க்கரை உள்ளவர்கள், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், அறுபது கடந்தவர்கள், வீட்டில் யாருக்காவது சிறுநீரக நோய் இருந்தவர்கள், பல மாதங்களாக வலி மாத்திரை போடுபவர்கள் ஆகியோர் முதலில் போக வேண்டும். காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரே சோதனைக்கு நல்லது. சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்துப் பொட்டலம், பூசும் கிரீம் உள்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று டாக்டர் மேஜையில் வையுங்கள். இ.ஜி.எஃப்.ஆர். எண்ணையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அல்புமின் சோதனைக்கு வெளியே பணம் கட்ட வேண்டி வந்து, கையில் இல்லாதவர்கள் அஸர் தொழுகைக்குப் பிறகு ரேஷன் கார்டு நகலோடு நம் அலுவலகத்துக்கு வரலாம். டயாலிசிஸ் மனுவுக்குக் கேட்கும் ஆவணங்கள் எதுவும் இதற்குத் தேவையில்லை.